சீக்கியச் சமத்துவமும் மனித உரிமையும்: பந்தியோடு நின்றுவிடுகிறதா?

#1 கயல்விழி

மனித உரிமை நாளான டிசம்பர் 10 வந்தால் ஒரு வாசகம் தவறாமல் பகிரப்படுகிறது: "1948-இல் ஐ.நா. சொன்னதை குரு நானக் நானூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார்." கூடவே அமிர்தசரஸ் பொற்கோயிலின் பொதுப் பந்தியான லங்கரின் படமும் வரும். இன்னொரு பக்கம், பஞ்சாபில் பல கிராமங்களில் தலித் சீக்கியர்களுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு இருப்பதும் ஊரறிந்த உண்மை.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசலாம். மூல நூல் என்ன சொல்கிறது, எந்தப் பக்கத்தில்? அது எந்தெந்த நடைமுறையாக மாறியது? எங்கே அறுந்துபோகிறது, ஏன்? இன்றைய சட்டம் அங்கே கைகொடுக்கிறதா? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். மேற்கோளுக்குப் பக்க எண் கட்டாயம்.

#2 அரசு

பக்க எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். குரு கிரந்த் சாஹிப்பின் நிலைபெற்ற பதிப்பில் 1430 பக்கம். பக்கத்தை 'அங்' என்பார்கள். அந்தப் பதிப்பை எந்த அச்சகம் அடித்தாலும் அதே வரி அதே அங்கில் இருக்கும். ஆகவே அங் எண் இல்லாமல் சுற்றும் நானக் பொன்மொழிகளைச் சரிபார்க்காமல் பகிர வேண்டாம். பாடலின் தலைப்பில் மஹலா 1 என்றிருந்தால் குரு நானக், 3 என்றால் குரு அமர் தாஸ், 5 என்றால் குரு அர்ஜன். எல்லாரும் நானக் என்ற முத்திரையிலேயே பாடியதால் இந்த எண்தான் அடையாளம்.

சமத்துவத்துக்கு அடிப்படையான இடங்கள் இவை. அங் 349: உள்ளிருக்கும் ஒளியைப் பார், சாதியைக் கேட்காதே, மறுமையில் சாதி கிடையாது. அங் 15: தாழ்ந்தவருள் தாழ்ந்தவர் யாரோ அவரோடுதான் நானக்கின் துணை, பெரியவர்களோடு போட்டி எதற்கு. அங் 473: அரசர்களைப் பெற்றெடுப்பவளை எப்படி இழிவாகப் பேசுவது. அங் 1349-இல் கபீர்: ஒரே ஒளியிலிருந்து உலகம் முழுதும் எழுந்தது என்றால் யார் நல்லவன், யார் கெட்டவன்?

ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனத்தோடு ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுவது அங் 345-இல் உள்ள ரவிதாசரின் பேகம்புரா பாடல். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர் கட்டிய கற்பனை நகரம் அது. அங்கே துயரமில்லை, வரி கட்டும் கவலையில்லை, இரண்டாம் தரம் மூன்றாம் தரம் என்று யாருமில்லை, விரும்பிய இடத்துக்கு நடந்து போகலாம், அரண்மனைக்குள்ளும் யாரும் தடுக்க மாட்டார்கள். தடையின்றி நடமாடும் உரிமையைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. தெருவில் நடக்கவே தடை இருந்த மக்களின் வாயிலிருந்து அதே கோரிக்கை வருவதை இந்தப் பாடலில் கேட்கலாம்.

அங் 141-ஐயும் சேர்த்துப் படியுங்கள். அடுத்தவருக்கு உரியதைப் பறிப்பது முஸ்லிமுக்குப் பன்றிக்கறி போல, இந்துவுக்கு மாட்டுக்கறி போல என்கிறார் குரு நானக்.

இவையெல்லாம் சொல் என்றால், தொகுப்பே ஒரு செயல். 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த நூலில் நெசவாளர் கபீர், ரவிதாசர், துணிக்கு அச்சிடும் குலத்து நாமதேவர், நாவிதர் சைன், கசாப்புக்காரர் சதனா, சூஃபி ஷேக் ஃபரீத் எல்லாரும் குருக்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். 1708-க்குப் பிறகு அந்த நூலே குரு. அதன் முன் தலை வணங்கும் ஜாட் சாதி நிலக்கிழார் ரவிதாசரின் பாட்டுக்கும் சேர்த்தே வணங்குகிறார்.

#3 செல்வநாயகி

அரசு சார் நூலைச் சொல்லிவிட்டார், நான் சமையற்கட்டைச் சொல்கிறேன். லங்கரை இலவசச் சாப்பாடு என்று சுருக்குவது தவறு. அதன் மையம் பங்கத், அதாவது வரிசையாகத் தரையில் உட்காருவது. முதலில் பந்தி, அப்புறம்தான் சபை என்பது மூன்றாம் குரு அமர் தாஸ் கோயிந்தவாலில் வைத்த ஒழுங்கு. அவரைப் பார்க்க வருபவர் யாராக இருந்தாலும் முன்பின் தெரியாதவரோடு தோள் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே சந்திக்க முடியும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை. சாப்பாடு சைவம். அப்படியிருந்தால்தான் எந்த மதத்தவரும் தயங்காமல் உட்கார முடியும். 100 பேருக்கு உத்தேசமாக 10 கிலோ கோதுமை மாவு, 5 கிலோ பருப்பு, 4 கிலோ அரிசி. ரொட்டியை இரு கை ஏந்தித்தான் வாங்க வேண்டும், யாராக இருந்தாலும். சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர், வருபவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்பவர், எந்த வேலைக்கும் சாதி கேட்கக் கூடாது. பொற்கோயிலில் சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள், விசேஷ நாளில் ஒரு லட்சத்தைத் தொடும்.

பழுது எங்கே வரும்? பருப்பு அண்டாவின் அடியில் தங்கிவிடும். கிளறாமல் மேலாக மொண்டால் முதல் வரிசைக்குத் தண்ணீர், கடைசி வரிசைக்குக் கெட்டிப் பருப்பு. எப்போதும் வாசற்பக்கத்திலிருந்தே பரிமாறத் தொடங்கினால் மறுகோடியில் இருப்பவர்களுக்குத் தினமும் ஆறினது. பரிமாறுபவர்கள் வாளியை மாற்றிக்கொள்வதும் கோடியை மாற்றித் தொடங்குவதும் இதற்காகத்தான். பிரமுகர் வந்தால் தனி அறையில் தட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் நுழைந்திருக்கிறது. அதுதான் பெரிய பழுது. வாளியை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

கடா பிரசாதத்திலும் இதே கணக்கு: மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு, தண்ணீர் சுமார் இரு பங்கு. மாவை நெய்யில் வறுக்கும்போது தீ அதிகமானால் அடிபிடிக்கும், குறைந்தால் பச்சை வாசனை நிற்கும். முதலில் ஐந்து பங்கை, 1699-இல் முதன்முதல் தீட்சை பெற்ற ஐவரான ஐந்து அன்புக்குரியோர் நினைவாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுக்க வேண்டும். பங்கிடுபவர் சாதி பார்த்தோ வெறுப்புக் காட்டியோ கொடுக்கக் கூடாது என்று நடத்தை நெறி நூலான ரெஹத் மரியாதாவிலேயே எழுதியிருக்கிறது.

தரையில் உட்கார முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி நிலை என்ன? 1998-இல் சீக்கியரின் உச்ச சமய பீடமான அகால் தக்த், லங்கரில் மேசை நாற்காலி கூடாது என்று ஆணையிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அது பெரிய சண்டையானது. எல்லாரும் ஒரே மட்டத்தில் என்பது நோக்கம். ஆனால் முட்டி மடங்காதவரைத் தனியே ஒதுக்கினால் அந்த நோக்கமே அடிபடுகிறது. பல இடங்களில் சுவரோரம் தாழ்ந்த பெஞ்சு போட்டு, அதே பந்தியின் நீட்சியாகவே பரிமாறுகிறார்கள். அதுதான் முறை என்பேன்.

#4 மருதன்

பந்தியில் சாதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சாப்பிட்டு எழுந்து வெளியே வாருங்கள்.

2011 கணக்கெடுப்பில் பஞ்சாபின் பட்டியல் சாதியினர் 31.94 சதவீதம். இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். அவர்களிடம் உள்ள விவசாய நிலமோ சொற்பம். காரணத்தை வேதத்தில் தேடிப் பயனில்லை. 1900-ஆம் ஆண்டு பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம் யாரெல்லாம் விவசாயக் குடி என்று பட்டியல் போட்டது. தலித்துகள் அதில் இல்லை, ஆகவே நிலம் வாங்கவே வழியில்லை. ஜாட் கையில் நிலம், தலித் பிரிவினரான மஸ்ஹபி சீக்கியர் கையில் கூலி என்று ஆன பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரே பந்தியில் உட்கார்ந்தால் திங்கட்கிழமை என்ன மாறும்?

சுதந்திரத்துக்குப் பிறகும் பாருங்கள். ஊராட்சிப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குத்தான் குத்தகை விட வேண்டும். 1961 சட்டத்தின் கீழ் வந்த விதி இது. ஏலத்தில் நடப்பதோ வேறு. பெரிய நிலக்கிழார் தன்னிடம் கடன்பட்ட தலித் ஒருவரின் பெயரில் ஏலம் கேட்கிறார். ஒதுக்கீட்டு நிலம் எழுத்தில் தலித்துக்கு, விளைச்சல் இன்னொருவருக்கு. சங்ரூர் பக்கம் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி (நிலம் பெறும் போராட்டக் குழு) இதை எதிர்த்துத்தான் வளர்ந்தது. குடும்பங்கள் காசைச் சேர்த்துக் கூட்டாக ஏலம் எடுப்பது, விலையைக் குறைக்கச் சொல்லி ஏலத்தைப் புறக்கணிப்பது, இவை அவர்களின் வழி. நிலம் கிடைத்த ஊர்களில் பெண்கள் மாட்டுத் தீவனத்துக்காக அடுத்தவர் வரப்பில் ஏச்சுக் கேட்க வேண்டியதில்லை.

2003-இல் ஜலந்தர் அருகே தல்ஹன். வருமானம் மிகுந்த ஒரு நினைவிடத்தின் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டார்கள் தலித்துகள். பதிலுக்கு ஊர் முழுக்கச் சமூகப் புறக்கணிப்பு. கடையில் பொருள் இல்லை, வயலில் வேலை இல்லை. ஜூன் மாதம் மோதலாக வெடித்தது. குழுவில் தலித் உறுப்பினர்களைச் சேர்த்த பிறகுதான் ஓய்ந்தது. ஆறு ஆண்டு கழித்து வியன்னாவில் ரவிதாசர் வழிபாட்டிடத்தில் ரவிதாசர் வழி மடமான தேரா சச்கண்ட் பல்லானின் சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். 2010-இல் அந்தத் தேரா, ரவிதாசியா தனி மதம் என்று அறிவித்துத் தனி நூலையே வைத்துக்கொண்டது. அரசு சார் சொன்ன பேகம்புராவைப் பாடியவரின் மக்கள் அந்த நூலை விட்டே விலகும் நிலை வந்தது. இதற்கு என்ன பதில்?

#5 அரசு

மருதன் தோழர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. காரணத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். சீக்கியம் எங்கெல்லாம் போதனையை ஒரு முறையாக, எல்லாரும் செய்தே தீர வேண்டிய செயலாக மாற்றியதோ அங்கே சாதி பின்வாங்கியது. வெறும் அறிவுரையாக விட்ட இடங்களில் சாதி அப்படியே இருந்தது. பந்தி முதல் வகை. நிலமும் கல்யாணமும் இரண்டாவது.

முதல் வகையின் உச்சம் அமிர்த் சஞ்சார் எனும் தீட்சை. இரும்புக் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர், அதில் பதாசா எனும் சர்க்கரை வில்லைகள். ஐவர் கிண்ணத்தைச் சுற்றி ஒரு முழங்காலூன்றி அமர்ந்து, இருமுனை வாளான கண்டாவால் கலக்கியபடி ஜப்ஜி, ஜாப், பத்து சவையாக்கள், பேந்தி சௌபாய், ஆனந்த் என ஐந்து பாணிகளை (வேதப் பாடல்களை) ஓதுவார்கள். தீட்சை பெறுபவருக்கு ஐந்து கை குடிக்க, ஐந்து முறை கண்ணில், ஐந்து முறை தலைமுடியில். மிச்சம் இருப்பதை ஆணும் பெண்ணும் எல்லாச் சாதியினரும் அதே கிண்ணத்தில் வாய் வைத்து முறையே குடிக்க வேண்டும். கடா பிரசாதமும் ஒரே பாத்திரத்திலிருந்துதான். எச்சில் என்ற கருத்தின் மேல்தான் தீண்டாமை நிற்கிறது. இந்தச் சடங்கு அங்கேயே கை வைக்கிறது. பிறகு சொல்வார்கள்: இன்று முதல் உன் தந்தை குரு கோபிந்த் சிங், தாய் சாஹிப் கௌர், பிறந்த இடம் கேஷ்கர் சாஹிப், ஊர் அனந்தபூர். பழைய குலமும் தொழிலும் இதோடு விட்டது.

1699-இல் முதன்முதல் முன்வந்த ஐவரில் லாகூர் கத்ரி ஒருவர், ஹஸ்தினாபுரம் ஜாட் ஒருவர், பூரியின் தண்ணீர் சுமப்பவர், துவாரகையின் துணி அச்சிடுபவர், பீதரின் நாவிதர். அவர்களுக்கு அமிர்தம் கொடுத்த குரு, பிறகு அவர்கள் கையால் தானும் வாங்கிக் குடித்தார்.

முறை இருந்தும் அதைக் காப்பவர்கள் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 12 அக்டோபர் 1920. கால்சா பிராதரி என்ற அமைப்பின் மூலம் தீட்சை பெற்ற தலித் சீக்கியர்கள் கடா பிரசாதத்தோடு பொற்கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு கிரந்தத்தைத் திறந்து வந்த பக்கத்தைப் படிப்பது என்று முடிவானது. அங் 638 வந்தது: தகுதியற்றவர் என்று எண்ணப்படுவோரையும் இறைவன் தானே மன்னித்து ஏற்று, குருவின் தொண்டில் சேர்க்கிறான். பிரசாதம் ஏற்கப்பட்டது. அகால் தக்த் பூசாரிகள் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. சொல்லப்போனால் இன்று உலகில் எல்லாரும் அறிந்த சீக்கிய நிர்வாக அமைப்பே தலித்துகள் கொண்டுபோன பிரசாதத்தை வாங்குவதா வேண்டாமா என்ற சண்டையிலிருந்துதான் எழுந்தது.

#6 மருதன்

ஒரே கிண்ணம் என்றீர்கள். ஆயுதமேந்தும் மரபுச் சீக்கியரான நிஹங்குகளின் சில தளங்களில் மஸ்ஹபிகளுக்கு நான்காம் படி என்று தனி அமிர்தம் கொடுத்த வழக்கமும் உண்டே. 1675-இல் டெல்லியில் கொல்லப்பட்ட குரு தேக் பகதூரின் தலையை அங்கிருந்து அனந்தபூர் கொண்டுவந்த பாய் ஜைதா அதே தாழ்த்தப்பட்ட குலத்தவர். அந்தக் குலத்தவரான ரங்ரேட்டாக்கள் குருவின் பிள்ளைகள் என்று அணைத்துக்கொண்டாராம் குரு கோபிந்த் ராய் (பின்னாளில் கோபிந்த் சிங்). அந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கிண்ணம் வைத்தது யார்?

கல்யாண விஷயத்திலும் அறிவுரை மட்டுமில்லை, விதியே இருக்கிறது. சாதியும் கோத்திரமும் பாராமல் மணம் முடிக்க வேண்டும் என்று ரெஹத் மரியாதா நேரடியாகச் சொல்கிறது. பஞ்சாபி நாளிதழ்களின் மணமகள் தேவை பக்கத்தைத் திறந்தால் ஜாட், ராம்கடியா, கத்ரி, ராம்தாசியா என்று பத்தி பிரித்து வைத்திருக்கிறார்கள். பத்துக் குருக்களும் கத்ரி குலம், குடும்ப மணங்களும் அந்த வட்டத்துக்குள் என்பதை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். குருவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விதி இருந்தும் மீறினால் தண்டனை இல்லாத இடம் இது என்பதற்காகச் சொல்கிறேன். முடி வெட்டினால் கேள்வி கேட்கும் சமூகம், சாதி பார்த்துப் பெண் கொடுத்தால் கேட்பதில்லை. முடி வெட்டுவது நாலு பெருங்குற்றப் பட்டியலில் இருக்கிறது, சாதி பார்ப்பது இல்லை.

#7 நிலா

மருதன் கடைசியாகச் சொன்னது பெண்கள் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும்.

விதி அளவில் சீக்கியப் பெண்ணுக்குத் தடையே இல்லை. அமிர்தம் கொடுக்கும் ஐவரில் பெண் இருக்கலாம் என்று ரெஹத் மரியாதா எழுதிவைத்திருக்கிறது. சபையில் முக்காடிட்டு முகம் மறைப்பது கூடாது. வரதட்சிணை கூடாது. 1925 குருத்வாரா சட்டத்திலேயே பெண்ணுக்கு வாக்குரிமை. உலகின் பல நாடாளுமன்றங்களுக்கு முந்திய தேதி அது. 1999-இல் பீபி ஜாகீர் கௌர் சிரோமணி குருத்வாரா கமிட்டியின் முதல் பெண் தலைவரானார்.

ஆனால் பொற்கோயில் கருவறையில் கீர்த்தனை பாடுவது இன்றும் ஆண் ராகிகளின் வசம். 1996-இல் அகால் தக்த் பெண்களும் சேவையில் பங்கேற்கலாம் என்றது. 2003-இல் கிரந்தத்தை இரவில் பல்லக்கில் கொண்டுபோகும் சடங்கில் சேர முயன்ற இரு பெண்கள் தடுக்கப்பட்டார்கள். 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றம் பெண் கீர்த்தனைக்கு வழிவிடுமாறு கமிட்டிக்குத் தீர்மானம் போட்டது. தீர்மானம் கமிட்டியைக் கட்டுப்படுத்தாது.

கோயிலை விடுங்கள், வீட்டைப் பாருங்கள். 2001 கணக்கெடுப்பில் பஞ்சாபில் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1000 ஆணுக்கு 798 பெண் குழந்தைகள். அங் 473 தினமும் அதிகாலையில் ஆசா தி வாரில் பாடப்படும் மண்ணில் இந்த நிலை! அதே ஆண்டு அகால் தக்த் பெண் கருக்கொலைக்கு எதிராக ஆணை வெளியிட்டது, செய்பவரைச் சமூகத்திலிருந்து விலக்குவோம் என்றது. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994 சட்டத்தில் ஸ்கேன் மையப் பதிவு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் படிவம், மீறினால் மையத்துக்கு முத்திரை என்று இறுக்கினார்கள். 2011-இல் எண் 846 ஆனது. போதாது, ஆனாலும் நகர்ந்தது. ஆணையும் சட்டமும் ஒரே திசையில் தள்ளிய அபூர்வமான இடம் இது.

சொத்தில் இன்னும் மோசம். சீக்கியருக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான். 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு. நடப்பில், அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று சகோதரியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தாய்வீட்டு உறவு அறுந்துவிடும் என்ற பயத்தில் கொடுக்கப்படும் கையெழுத்து அது. அங் 141-ஐ அரசு சார் மேலே போட்டிருக்கிறார். அடுத்தவருக்கு உரியதைப் பறிப்பது பற்றிய அந்த வரியை இந்தப் பத்திரத்தின் மேல் எழுதி வைக்கலாம்.

#8 சங்கர் (வழக்குரைஞர்)

சட்டப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். போதனைக்கும் மனித உரிமைக்கும் கட்டமைப்பில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. போதனை, பறிக்காதே என்று வலியவனிடம் பேசுகிறது. உரிமைச் சட்டம், பறிகொடுத்தவன் கையில் ஒரு மனுவைக் கொடுக்கிறது. முன்னதில் மனம் மாற வேண்டும். பின்னதில் மனம் மாறாவிட்டாலும் நிவாரணம் உண்டு. ஆகவே "முன்பே சொல்லிவிட்டார்" என்பது பாதி உண்மை.

தல்ஹன் போன்ற நிகழ்வுக்கு இன்று என்ன வழி? பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதோ மிரட்டுவதோ தனிக் குற்றம். பொதுச் சுடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதே பிரிவு 3-இல் வருகிறது. புகாரில் தேதி, இடம், யார் அறிவித்தது, ஒலிபெருக்கியில் சொன்னார்களா, எந்தக் கடை பொருள் தர மறுத்தது என்று தனித்தனியாக எழுத வேண்டும். "ஊரே ஒதுக்கிவிட்டது" என்று மொட்டையாக எழுதினால் விசாரணையில் நிற்காது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் நிகழ்ந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன் பிறகு ஆணையம் விசாரிக்க முடியாது.

தலித் சீக்கியர் என்ற அடையாளமே சட்டத்தில் போராடிப் பெற்றது. 1950 ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு என்று வரையறுத்து, சீக்கியரில் மஸ்ஹபி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் நால்வரை மட்டும் சேர்த்தது. மற்றவர்களுக்கு 1956 திருத்தத்தில்தான் கிடைத்தது. பௌத்தர்களுக்கு 1990. சாதி இல்லை என்று சொல்லும் மதத்தில் சாதிச் சான்றிதழா என்று கேட்பவர்கள் உண்டு. போதனையில் சாதி இல்லை, பாதிப்பு இருக்கிறது, சான்றிதழ் பாதிப்புக்கானது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். சீக்கியரே சமத்துவம் கேட்டு நீதிமன்றம் ஏறிய வழக்குகள் உலகச் சட்டத்தை வளர்த்திருக்கின்றன. 1983-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, தலைப்பாகை அணிந்த மாணவனைச் சேர்க்க மறுத்த பள்ளி வழக்கில் (மண்ட்லா வழக்கு) சீக்கியர் ஓர் இனக்குழு என்றும் இனப் பாகுபாட்டுச் சட்டம் காக்கும் என்றும் தீர்த்தது. 2006-இல் கனடா உச்ச நீதிமன்றம் முல்தானி வழக்கில் மாணவன் பள்ளிக்குக் கிர்பான் எனும் சிறு வாள் அணிந்து வரலாம் என்றது, நிபந்தனைகளோடு: உடைக்குள் இருக்க வேண்டும், உறை மரத்தாலானது, உறையோடு கெட்டித் துணியில் வைத்துத் தைக்க வேண்டும், அந்தத் துணியைத் தோளில் மாட்டும் வாரோடு சேர்த்துத் தைக்க வேண்டும், நியாயமான அளவில் பள்ளி சோதித்துப் பார்க்கலாம். முழுத் தடை விதிப்பதற்கு முன் இப்படி ஒரு குறைந்த கட்டுப்பாடு போதுமா என்று பார்க்கத்தான் வேண்டும் என்பது அதன் சாரம்.

பள்ளியில் மத அடையாளங்களைத் தடுக்கும் பிரான்சின் 2004 சட்டத்தால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பிக்ரம்ஜித் சிங் வழக்கில் 2012-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, மத சுதந்திரம் மீறப்பட்டது என்று கருத்துரைத்தது. பிரான்ஸ் சட்டத்தை மாற்றவில்லை. எல்லாமே வெற்றியும் அல்ல. ரயில்வே பணியிடத்தில் தலைக்கவசம் போட மறுத்த பிந்தர் வழக்கில், 1989-இல் அதே குழு கனடாவின் பக்கம் நின்றது, பாதுகாப்பு நியாயமான காரணம் என்று. இந்தியக் குடிமக்கள் அந்தக் குழுவுக்குத் தனிமனிதராகப் போக முடியாது. 1979-இல் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியா, தனிநபர் முறையீட்டுக்கான விருப்ப நெறிமுறையில் சேரவில்லை.

#9 கயல்விழி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. தன் மக்களுக்குச் சமத்துவம் கேட்பது எந்தச் சமூகமும் செய்வது. பிறருடைய உரிமைக்காக நின்றது உண்டா? வைக்கத்தில் அகாலிகள் (சீக்கியப் போராட்டக்காரர்கள்) வந்தார்கள் என்று பெரியார் பற்றிய பேச்சுகளில் வருகிறதே, அது எந்த அளவு?

#10 செல்வநாயகி

வந்தது உண்மை, கயல். வைக்கம் போராட்டம் 1924 மார்ச் 30 தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கும் உரிமைதான் கோரிக்கை. ஏப்ரல் கடைசியில் பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து சத்தியாகிரகிகளுக்கு இலவச உணவுக்கூடம் திறந்தார்கள். சாதி பாராமல் ஒன்றாக உட்கார வைக்கும் சமையற்கூடம் அந்த ஊரில் பசியாற்றுவதோடு ஓர் எதிர்ப்பாகவும் இருந்தது. இது இந்துக்கள் தாமே தீர்க்க வேண்டிய பிரச்சினை, உள்ளூர்க்காரர்கள் வெளியார் உணவை நம்பியிருக்கக் கூடாது என்று காந்தி எதிர்த்தார், கூடம் மூடப்பட்டது. ஈ.வெ.ரா. அதே ஏப்ரலில் அங்கே வந்து சிறை சென்றவர்.

அடுத்த பத்தாண்டில் அம்பேத்கரும் சீக்கியத்தைத் தீவிரமாக எண்ணிப்பார்த்தார். 1936 ஏப்ரலில் அமிர்தசரஸ் சீக்கிய மாநாட்டுக்குப் போனார். அந்தத் தொடர்பில் பம்பாயில் கால்சா கல்லூரி 1937-இல் வந்தது. பிறகு அவர் தேர்ந்தது பௌத்தம்.

#11 அரசு

பிறருக்காக நின்றதற்கு மூத்த சான்று 1675. குரு தேக் பகதூர் டெல்லியில் உயிர் கொடுத்தது, சீக்கிய மரபு சொல்கிறபடி, காஷ்மீர பண்டிதர்களின் திலகத்துக்கும் பூணூலுக்கும். பூணூலை மறுத்தது குரு நானக்கின் வழி. தான் ஏற்காத நம்பிக்கையை இன்னொருவர் வைத்துக்கொள்ளும் உரிமைக்காகச் சாவது என்பது பிரகடனத்தின் 18-ஆம் பிரிவுக்கு மிக அருகில் வரும் இடம். அடுத்து, அனந்தபூர்ப் போரில் எதிரிப்படையின் காயம்பட்டவர்களுக்கும் தண்ணீர் கொடுத்த பாய் கன்னையா. புகார் வந்தபோது குரு அவரிடம் மருந்தையும் கொடுத்து அனுப்பினார் என்பது மரபு.

நம் காலத்தில் ஜஸ்வந்த் சிங் கால்ரா. பஞ்சாபில் காவல்துறை பிடித்துப்போய்க் காணாமல் போனவர்களைத் தேடிச் சுடுகாட்டுப் பதிவேடுகளையும் விறகு வாங்கிய கணக்குகளையும் திரட்டினார். கோஷத்தை விட ஆவணம் வலிமையானது என்பதை அவர் வேலை காட்டியது. 6 செப்டம்பர் 1995 அன்று வீட்டு வாசலிலிருந்தே கடத்தப்பட்டார். பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ. அமிர்தசரஸ் மாவட்டத்தில் 2,097 தகனங்களைக் கணக்கெடுத்தது: 585 பேர் முழுதும் அடையாளம் தெரிந்தவர்கள், 274 பேர் ஓரளவு, 1,238 பேர் அடையாளமே இல்லை. அவர் கொலைக்காக 2005-இல் காவலர் அறுவர் தண்டிக்கப்பட்டனர்.

#12 மருதன்

கால்ராவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி சார். இழையின் தலைப்புக்கு வருகிறேன். கட்டாய முறை, வெறும் அறிவுரை என்று நீங்கள் #5-இல் பிரித்ததை ஏற்கிறேன். அப்படியானால் அடுத்த வேலை, கல்யாணத்தையும் நிர்வாகத்தையும் சுடுகாட்டையும் கட்டாய முறைக்குள் கொண்டுவருவது. சுடுகாட்டில் அது முடியும். ஊருக்கு ஒன்றுதான் என்று கமிட்டியும் ஊராட்சியும் சேர்ந்து, தனிச் சுடுகாட்டுக்கு மானியம் நிறுத்தினால் போதும். ஒரு ஊரில் மூன்று சுடுகாட்டுக்குக் கூரை போட அரசுப் பணமே போகும்போது பிரிவினைக்கு அரசே செலவு செய்கிறது.

#13 நிலா

யார் முடிவெடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. கமிட்டியில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 170. அதில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் ஒதுக்கீடு உண்டு. கருவறைக் கீர்த்தனையோ சுடுகாடோ, தீர்மானம் அங்கேதான் வர வேண்டும், மரியாதா சம்பந்தப்பட்டது என்றால் தக்த் எனும் சமய பீடங்களின் தலைவர்களான ஜத்தேதார்கள் ஐவரும் கூடிச் சொல்ல வேண்டும். அந்தக் கமிட்டிக்குப் பொதுத் தேர்தல் கடைசியாக நடந்தது 2011 செப்டம்பரில். முடி வெட்டிக்கொள்ளும் சஹஜ்தாரிகளுக்கு வாக்கு உண்டா என்ற வழக்கில் அது முடங்கியது. 2016-இல் நாடாளுமன்றம் 2003-லிருந்தே செல்லும்படி சட்டத்தைத் திருத்தி அவர்களின் வாக்கை நீக்கியது. அதன் பிறகும் தேர்தல் தள்ளிக்கொண்டே போகிறது. புதிய வாக்காளர் பதிவு 2023 அக்டோபரில் தொடங்கியது. 21 வயது நிறைந்த, முடி வெட்டாத கேஷ்தாரிப் பெண்கள் தங்கள் பெயரைத் தனிப் படிவத்தில் தாமே பதிய வேண்டும், சட்டமன்ற வாக்காளர் பட்டியலில் இருப்பது இதற்குச் செல்லாது. மருதன் கேட்பதைச் செய்யும் கை அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.